கடலடியில் ஒரு சமையலறை

பழைய உப்புக் கொட்டகையில் நீள மேசை ஒன்றைப் போட்டு, அதன்மேல் கறுப்புத் துணி விரித்து, ப்ரேபென் தன் கண்டெடுப்புகளைப் பரப்பி வைத்திருந்தான். ஒரு காபிக் கெண்டி. விளிம்பு பெயர்ந்த இரண்டு எனாமல் குவளைகள். பிடி இல்லாத ஒரு வாணலி. மேசைக் கோடியில், தனி விளக்கு வெளிச்சத்தில், வாஃபிள் பலகாரம் சுடுவதற்கான, இதய வடிவங்கள் குடைந்த ஒரு வாஃபிள் அச்சு. அதன் இரும்பில் அங்கங்கே சிப்பி ஒட்டியிருந்தது.

கொட்டகைச் சுவரில் ஊறிப்போன மீன் நாற்றமும் ப்ரேபென் பூசியிருந்த வாசனைத் தைலமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. தூரித் வாயால் மூச்சு விட்டாள். போலீஸ் முக்குளிப்புப் பிரிவில் இருந்தபோது பழகிய வித்தை அது. தண்ணீருக்குள்ளிருந்து பிணம் எடுக்கிறவர்களுக்கு மூக்குதான் முதல் எதிரி. போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்த பிறகும் அந்த வித்தைக்கு வேலை குறையவில்லை.

ப்ரேபென் ஓஸ்லோக்காரன். கடலடியில் படம் எடுத்துத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பவன். வடகோடிக் கடற்கரையில், ஸ்கார்விக் ஊருக்கு வெளியே, பாறைத் திட்டின் ஓரத்தில், முப்பத்துநாலு மீட்டர் ஆழத்தில் பெயர் இல்லாத ஒரு படகு மூழ்கிக் கிடப்பதைப் போன இலையுதிர் காலத்தில் அவனுடைய ஆட்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அது 1961 பிப்ரவரியில் காணாமல் போன ‘ஹாவ்சூலா’தான் என்று அவன் அறிவித்துவிட்டான். படகோட்டி ஐலிஃப் வேண்டுமென்றே கிழக்கே போய் ரஷ்யர்களிடம் சேர்ந்துவிட்டான் என்றுதான் ஊர் இத்தனை வருஷமும் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சைத் தன் படம் கழுவிவிடும் என்று ப்ரேபென் சொன்னான். சாவு வீட்டுக் குரலில்தான் சொன்னான். கண் மட்டும் அடிக்கடி கேமரா இருந்த மூலைக்குப் போய் வந்தது.

“நினைச்சுப் பாருங்க,” என்று வாஃபிள் அச்சை விரலால் தடவினான். “விடியற்காலை. வெளியே பனிப்புயல். ஐலிஃப் தன் ஆளுங்களுக்குச் சூடா வாஃபிள் சுட்டுத் தர்றார். இது படகு இல்ல, வீடு.”

பின்னால் உள்ளூர்க் கிழவர்கள் ஆறு பேர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் பழைய மீனவர்கள். ஒருவர் சட்டைக் கையில் முகத்தைப் புதைத்து நெடுநேரம் இருமினார். துக்கம் தொண்டையை அடைக்கிறது போல என்று தூரித் நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அஸ்லாக் கையுறையை மாட்டினான். தூரித்தின் உதவியாளன் அவன். கடலையே பார்க்காத பீடபூமியில், கலைமான் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்து, எப்படியோ முக்குளிக்கக் கற்றுக்கொண்டவன். வீட்டில் அவனைத் ‘தண்ணிக்குள்ள விழுந்த மான்’ என்றுதான் சொல்வார்கள்.

“நல்ல அச்சு,” என்றான். “எங்க அக்காகிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அவ சுட்டா சிப்பி ஒட்டாமலே அந்த ருசி வந்துடும்.”

“உங்க அக்கா மீன்பிடிப் படகுல போறாளா?”

“அவ குளிக்கவே யோசிப்பா.”

“அதனாலதான் வச்சிருக்கா. இந்தக் கரையில வாஃபிள் அச்சு படகுல ஏறாது, அஸ்லாக்.”

தூரித் ஹாமர்ஃபெஸ்ட் துறைமுகத்தில் வளர்ந்தவள். அவளுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் படகில் ஏறினால் மீன் கிடைக்காது. முதுகுப்பை ஏறினால் காற்று திரும்பும். குதிரை என்ற சொல்லை நடுக்கடலில் உச்சரித்தவனைக் கரையில் இறக்கிவிட்டுப் போன படகோட்டிகள் உண்டு. அப்படியிருக்க, பிப்ரவரி மாத மீன்பிடிக்கு வாஃபிள் அச்சோடு ஒரு படகு போயிற்று என்றால், அந்தப் படகோட்டிக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், அல்லது அந்த அச்சைப் பிறகு யாரோ கொண்டு போய் வைத்திருக்க வேண்டும்.

“ப்ரேபென் தெற்கத்தி ஆளு,” என்றாள். “அடுப்புன்னா அதுல வாஃபிள் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டான். அவங்க ஊர்ல அது சரிதான்.”

அஸ்லாக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். “இவ்வளவு பெரிய பொய்யைக் கட்டி, விளக்கெல்லாம் போட்டு, கடைசியில ஒரு பலகாரத்துல வழுக்கி விழுந்துட்டானே.”

ஒட்னியின் வீடு ஊர்க் கோடியில் இருந்தது. ஐலிஃப்பின் ஒரே மகள். அப்பா காணாமல் போனபோது ஆறு வயது. தூரித்தை வரவழைத்ததும் அவள்தான். வெளியாள் ஒருத்தர் பார்த்து, இது அவர் படகுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டாம்.

காபி ஊற்றிக்கொண்டே அவள் சொன்னதில் அழுகையோ கோபமோ இல்லை. அரசாங்க ஆட்கள் வந்து அம்மாவை நாள் கணக்கில் விசாரித்தது, தேவாலயத்தில் அம்மா உட்காரும் பலகையில் வேறு யாரும் உட்காராதது, பள்ளிக்கூடத்தில் தனக்கு ‘ரஷ்யாக்காரி’ என்று பெயர் விழுந்தது, எல்லாவற்றையும் வானிலை சொல்வது போலச் சொன்னாள். அம்மாவின் கல்லறைக் கல்லில் பாதி இன்னும் வெறுமையாக இருக்கிறது. சனிக்கிழமை அந்தப் பாதியில் அப்பாவின் பெயர் ஏறும். பக்கத்தில் அப்பா இறங்குவார்.

“சவப்பெட்டி தூக்க ஆறு பேரைக் கேட்டேன். ஆறு பேரும் சரின்னுட்டாங்க,” என்றாள். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது. “பொறந்ததிலேர்ந்து இந்த ஊர்லதான் இருக்கேன். அவங்கள்லாம் என் வீட்டு வாசப்படி மிதிச்சது இதுதான் முதல் தடவை.”

பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பஞ்சின்மேல் பழுப்பேறிய சிறு எலும்புகள் ஒரு கையின் வடிவத்தில் அடுக்கப்பட்டிருந்தன. படகின் சமையலறையில் கிடைத்ததாக ப்ரேபென் கொடுத்தானாம். போலீஸுக்குத் தெரிந்தால் மாதக்கணக்கில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அடக்கம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றானாம்.

கொடுத்ததைப் படம் பிடித்தானா என்று தூரித் கேட்டாள்.

“பிடிச்சான். முகத்துல பவுடர் போட்டுவிட்டாங்க. மொத தடவை நல்லா அழுதேன், ஆனா வெளிச்சம் சரியில்லன்னு திரும்ப வாங்கச் சொன்னாங்க. மூணாவது தடவை அழுகையே வரல. வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாங்க.” ஒட்னி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பரவாயில்ல. படம்னா அப்படித்தானாமே. ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கறேன். தூக்கம் வரலன்னா எடுத்துப் பிடிச்சுக்குவேன்.”

எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் அஸ்லாக், பெட்டியைக் குனிந்து பார்த்தவன் நிமிர்ந்ததும் கதவைப் பார்த்து நடந்தான். படியிறங்கிப் பாதைக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தான்.

“அது கை இல்ல.”

“என்ன அது?”

“சீல், கடல்நாய். அதோட முன்துடுப்பு. தோலை உரிச்சுட்டா மனுஷன் கை மாதிரியேதான் இருக்கும். ஆனா நுனி எலும்பைப் பாருங்க. நமக்கு நகம் உட்கார்ற இடம் தட்டையா இருக்கும். அதுல கூரா இருக்கு, பிராண்டுறதுக்கு. சின்ன வயசுல மாமாவோட கரைக்குப் போய் எத்தனையோ உரிச்சிருக்கேன்.”

தூரித் பனியில் காறித் துப்பினாள். அவள் அப்படிச் செய்து அவன் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பிணம் தூக்கியவள்தான். ஆனால் பிணம் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஒரு கிழவி தினமும் இருட்டில் எடுத்து அப்பா என்று பிடித்துக்கொள்வது செத்த சீலின் துடுப்பை.

“போய்ச் சொல்லிடலாமா?” என்றான் அஸ்லாக்.

“பொய்னு மட்டும் சொல்லிட்டு வந்தா அவகிட்ட மிச்சம் என்ன இருக்கும்? கீழ கிடக்கிறது என்ன படகுன்னு பார்த்துட்டு வந்து ரெண்டையும் சேர்த்துச் சொல்லுவோம்.”

அந்த இடத்துக்குப் போகத் தெரிந்த படகு ஹில்மாருடையதுதான். ப்ரேபெனின் ஆட்களையும் அவர்தான் கூட்டிப் போய் வந்திருந்தார். கொட்டகையில் தொப்பியோடு நின்ற கிழவர்களில் ஒருவர், எண்பதை நெருங்கும் மனிதர். தோள் இன்னும் வளையவில்லை. அஸ்லாக் முதுகுப்பையோடு ஏற வந்ததும் காலை நீட்டித் தடுத்தார். சாமான்கள் எல்லாம் மீன் பெட்டி ஒன்றுக்கு மாறின. பை கரையிலேயே கிடந்தது.

“சாப்பாட்டுல பழுப்புக் கட்டி இருக்கா?” என்று கேட்டார்.

“கலைமான் வத்தல் இருக்கு. அதுக்கும் ஏதாவது சட்டம் உண்டா?” என்றான் அஸ்லாக்.

“மலைக்காரன் படகுல ஏறுறதுக்கே ஒரு சட்டம் போட்டிருக்கணும். விட்டுட்டாங்க,” என்று ஹில்மார் கயிற்றை அவிழ்த்தார். படகைச் சூரியன் போகும் போக்கிலேயே வட்டம் திருப்பித் துறைமுகத்தை விட்டு வெளியேற்றினார். எதிர்த் திசையில் திருப்பினால் கிட்டத்தில் முடியும். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

ப்ரேபெனின் வாஃபிள் அச்சு பற்றி தூரித் பேச்சுக் கொடுத்தாள். அது மேலே வந்தபோது சாக்கில் சுற்றி வந்தது, கரையில் பிரித்தபோதுதான் பார்த்தேன் என்றார். அன்று சாயங்காலமே படகை இரண்டு தரம் கழுவினாராம். ஐலிஃப்புக்கு அந்த நம்பிக்கையெல்லாம் உண்டா என்றதற்கு, அவரவர் படகு அவரவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் காற்றைப் பார்க்கத் தொடங்கினார்.

பாறைத் திட்டை ஒட்டி மிதவை கட்டியிருந்தது. சிலிண்டரை மாட்டி, உடையின் கழுத்தைச் சரி பார்த்துக்கொண்டு இருவரும் விளிம்பில் உட்கார்ந்தார்கள்.

“தண்ணி மூணு டிகிரி,” என்றான் அஸ்லாக். “எங்க ஊர்ல இதுக்குப் பேரு வசந்த காலம்.”

நல்ல உடைக்குள் உடம்பு தாங்கும், முகம்தான் தாங்காது. மூடாத கன்னத்திலும் நெற்றியிலும் ஊசி ஏறியது போலிருந்தது. பிறகு அந்த இடம் தனதில்லை என்பது போல மரத்துப்போனது. கயிற்றைப் பிடித்து இறங்க இறங்கப் பச்சை வெளிச்சம் பழுப்பாகி, பிறகு விளக்கு காட்டிய வட்டம் மட்டும் மிஞ்சியது. அந்த வட்டத்துக்குள் முதலில் கைப்பிடிக் கம்பி வந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கடல் சாமந்திகள் காலிஃபிளவர் போலப் பூத்திருந்தன. அதற்குக் கீழே, ஒரு பக்கம் சாய்ந்தபடி, மரப் படகு. பதினைந்து மீட்டர் இருக்கலாம். முகப்புப் பலகை உளுத்து, பெயர் இருந்த இடமே இல்லை.

சமையலறைக்குள் தூரித் முதலில் போனாள். நடிகர்கள் வருமுன் மேடையைப் பார்ப்பது போலிருந்தது. மற்ற இடமெல்லாம் விரல் ஆழத்துக்கு வண்டல் படிந்திருக்க, அலமாரித் தட்டு ஒன்று மட்டும் துடைத்தெடுத்த மாதிரி இருந்தது. அதன்மேல் அடுத்த காட்சிக்காக ஒரு பொருள் தயாராக வைக்கப்பட்டிருந்தது. கம்பளியில் பின்னிய, குழந்தைக்கான ஒரு ஜோடிக் கையுறை. மேலே கல் வைத்து அமுக்கியிருந்தார்கள். அப்பா தன் சின்ன மகளுக்காக வாங்கி வந்தது, என்று ப்ரேபென் அந்தச் சாவு வீட்டுக் குரலில் சொல்லப்போவது அவள் காதில் இப்போதே விழுந்தது. விளக்கைக் கிட்டே கொண்டு போனாள். ஜோடியை இணைத்துக் கடையில் போடும் பிளாஸ்டிக் இழை இன்னும் அறுபடாமல் இருந்தது.

சிலிண்டர்க் குழாய் வாயில் இல்லாவிட்டால் மறுபடியும் துப்பியிருப்பாள்.

வெளியே அஸ்லாக் விளக்கை ஆட்டிக் கூப்பிட்டான். நடுத்தளத்தில் யாரோ எப்போதோ தொலைத்த வலை ஒன்று படகைப் போர்த்திக் கிடந்தது. ப்ரேபெனின் ஆட்கள் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் பார்த்ததுமே விளங்கியது. வலை முழுக்கச் செத்த மீன். சில புதுசு, சில வெறும் தோல், சில கூழ். அதன்மேல் ராட்சச நண்டுகள் ஒன்றை ஒன்று மிதித்து ஏறித் தின்றுகொண்டிருந்தன. காட்சிக்கு உதவாத அழுக்கு. அஸ்லாக் கத்தியால் ஓர் ஓரத்தை அறுத்து விலக்கினான். அழுகல் மேகம்போல எழும்பி, முகமூடிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, மெல்ல இறங்கியது.

கீழே மீன் கிடங்கின் மூடி. சாதாரணப் பலகை மூடிதான்; ஆனால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, முழ நீளத்துக்கு இரண்டு கனத்த இரும்புச் சங்கிலிகள் அதைத் தளத்தோடு பிணைத்திருந்தன. மூடியைத் தூக்கலாம், நகர்த்தலாம். கவிழ்த்துப் போட முடியாது. எதற்கு இப்படி என்று அஸ்லாக் கைவிரித்துக் கேட்டான். தூரித்துக்கும் தெரியவில்லை.

மூடியில் ஒரு பலகை உடைந்திருந்தது. அவன் அதன் வழியே தோள்வரை கையை விட்டு அள்ளினான். வண்டல் கரைந்து போனதும் கையுறைக்குள் மிஞ்சியவை வெள்ளைக் கற்கள். அவரை விதை அளவு. இன்னொரு கை அள்ளினான், அதிலும் அவைதான். இன்னும் ஆழத்தில், அங்கேயும் அவைதான். அவன் அவற்றை வெறுமனே பார்த்தான். தூரித் ஒன்றை வாங்கிப் பார்த்தாள். ஹாமர்ஃபெஸ்ட் பிள்ளைகள் காட் மீன் தலையை அறுத்து விளையாட எடுக்கும் கல் அது. மீனின் காதுக்குள் இருக்கும். ஒரு மீனுக்கு இரண்டு. சதையும் முள்ளும் போன பிறகும் அது கிடக்கும்.

கிடங்கு நிறைய மீனோடு மூழ்கிய படகு. திசைமானியைப் பார்த்தாள். முகப்பு ஊரைப் பார்த்து இருந்தது.

மேலே வந்து படகில் ஏறிய பிறகும், உதடு மரத்துப் போயிருந்ததால் கொஞ்ச நேரம் இருவராலும் சரியாகப் பேச முடியவில்லை. ஹில்மார் சூடான சாறு ஊற்றித் தந்தார். தூரித் உள்ளங்கையை விரித்தாள்.

“காதுக் கல்லு,” என்றார் ஹில்மார். “அதுக்கென்ன. மீன்பிடிப் படகு. எத்தனையோ போயிருக்கு.”

“ஒரு மூடி பார்த்தோம்,” என்றான் அஸ்லாக். “கிடங்கு மூடி. நாய கட்டுற மாதிரி சங்கிலி போட்டு வச்சிருக்காங்க. எங்க ஊர்ல மானைக்கூட அப்படிக் கட்ட மாட்டோம்.”

ஹில்மாரின் கை எஞ்சின் பிடியில் நின்றுவிட்டது.

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

அவர் உட்கார்ந்தார். தூரித் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது விஷயம். கிடங்கு மூடியைக் கவிழ்த்து வைத்தால் படகும் ஒருநாள் கவிழும். அதனால் இந்தக் கரையில் யாரும் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். கவனமாக இருந்தால் போதும் என்று எல்லோரும் இருந்தபோது, ஐலிஃப் ஒருவன் மட்டும், யாரும் மறந்துபோயும் கவிழ்க்க முடியாதபடி இரண்டு பக்கமும் சங்கிலி அடித்துவிட்டான். அலையில் அது கிலுகிலுவென்று சத்தம் போடும். ஊரே சிரித்தது. படகு கண்ணுக்குத் தெரியுமுன் ‘ஐலிஃப்போட பசுமாடு வருது’ என்பார்கள். அப்படி ஒரு மூடி வேறு எந்தப் படகிலும் இருந்ததில்லை.

ஆக, படகு ‘ஹாவ்சூலா’தான். ஏதோ பெயரற்ற சரக்குப் படகு என்று எண்ணி, அதற்குள் ஒரு பொய்ச் சமையலறையை ஜோடித்த ப்ரேபென், உண்மையான படகின் மேலேயே பொய்யைப் பூசியிருக்கிறான். சுமை நிறைய மீனோடு வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தவனை ஊர் இத்தனை காலமும் ரஷ்யாவில் குடிவைத்திருந்தது.

தூரித்துக்கு அப்போதுதான் அது உறைத்தது. கொட்டகையில் அந்த இருமல்.

“அந்த வாஃபிள் அச்சைப் பார்த்ததுமே இது பித்தலாட்டம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றாள்.

“தெரிஞ்சுது.”

“கூட நின்ன மத்தவங்களுக்கும்?”

“கடலுக்குப் போன எவனுக்கும் தெரியும். சட்டையைக் கடிச்சுக்கிட்டுச் சிரிப்பை அடக்குனோம்.” அதைச் சொல்லும்போதும் அவர் வாயோரம் லேசாக அசைந்தது.

“ஒட்னிகிட்ட ஏன் சொல்லல?”

“எங்களுக்கு என்ன வந்துது? அப்பன் அங்க வேற குடும்பம் கட்டி நல்லா இருந்துட்டுச் செத்திருப்பான்னுதான் நினைச்சோம். இவ டிவில உட்கார்ந்து அழணும்னா அழட்டும்னு விட்டுட்டோம்.”

“சனிக்கிழமை பெட்டி தூக்குற ஆறு பேர் யாரு?”

ஹில்மார் தண்ணீரைப் பார்த்தார். “அதுல நானும் ஒருத்தன். மத்தவங்களையும் பார்த்திருக்கியே, கொட்டகையில.”

அஸ்லாக் தன் கோப்பையில் மிச்சம் இருந்த சாற்றைக் கடலில் கொட்டினான். ஹில்மார் ஊற்றித் தந்ததை அதற்கு மேல் அவன் குடிப்பதாக இல்லை.

ப்ரேபென் மறுக்கவில்லை. கடலடியிலிருந்து எடுத்து வந்த குழந்தைக் கையுறையைத் தூரித் மேசைமேல் போட்டதும் ஒப்புக்கொண்டான். அந்த அம்மாவுக்கு நிம்மதி கொடுத்தேன், ஊர் கொடுக்காததை நான் கொடுத்தேன், எலும்பு யாருடையது என்பதா முக்கியம் என்று கேட்டான். அது நிஜமாகவே ஐலிஃப்பின் படகு என்று தூரித் சொன்னபோது அவன் முகம் வெளிறும் என்று எதிர்பார்த்தாள். வெளிறவில்லை. கண் பளபளத்தது.

“இன்னும் அவங்ககிட்ட சொல்லலையே?” என்றான். “இருங்க, ஒரு அரை மணி நேரம். கேமராவோட வரேன். முதல் தடவை கேக்குற முகம் திரும்பக் கிடைக்காது.”

ஹாமர்ஃபெஸ்ட் போலீஸில் தன் பழைய சகாக்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, வாகனம் கிளம்பிவிட்டது என்று தூரித் தெரிவித்தாள். சாட்சிக்காக வாஃபிள் அச்சை எடுத்துக்கொண்ட அஸ்லாக், வாசலில் நின்று திரும்பினான்.

“வெங்காயம் கொஞ்சம் எடுத்து வச்சுக்குங்க,” என்றான். “விசாரணையில உதவும்.”

ஒட்னியிடம் தூரித் முதலில் எலும்பைப் பற்றித்தான் சொன்னாள். நல்லதை முன்னால் வைத்து மறைத்துச் சொன்னால் அது ப்ரேபென் செய்ததில் பாதியாவது ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒட்னி கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள். கழுவுதொட்டிக்குப் போய், பச்சை சோப்பை எடுத்து, முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். துடைத்தாள். மறுபடி கழுவினாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, “அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னேன்,” என்றாள். அஸ்லாக் சன்னலுக்கு வெளியே பார்த்தான்.

பிறகு தூரித் கற்களை மேசைமேல் கொட்டினாள். கிடங்கு நிறைய இவைதான், முகப்பு இந்த ஊரைப் பார்த்து இருக்கிறது என்றாள். மூடியைப் பற்றி அஸ்லாக் சொன்னான். ரெண்டு பக்கமும் சங்கிலி என்றதும் ஒட்னியின் ஈரக் கை வாய்க்குப் போயிற்று. அந்தச் சத்தம் கேட்டால்தான் அம்மா உருளைக்கிழங்கை அடுப்பில் போடுவாள் என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். யாரும் வெளிச்சம் சரியா என்று பார்க்கவில்லை.

முகம் துடைத்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்த அச்சு பொய் என்று ஊரில் யாருக்குத் தெரியும்?

தூரித் தயங்கினாள். இதைச் சொல்லாமல் போய்விடலாம். ஆனால் இந்த வீட்டில் சொல்லாமல் விட்டவர்கள் ஏற்கெனவே நிறைய.

“கடலுக்குப் போன எல்லாருக்கும்,” என்றாள். “பெட்டி தூக்க வர்ற ஆறு பேருக்கும்.”

ஒட்னி கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குவளை ஒன்றில் போட்டாள். அடக்கத்தைத் தள்ளி வைக்கலாமா என்று தூரித் கேட்டதற்கு வேண்டாம் என்றாள். ஆட்களை மாற்றுவோம், நானும் தூக்குகிறேன், மீன் ஆலைப் பெண்களைக் கேட்கலாம் என்று அஸ்லாக் சொன்னான். அதற்கும் வேண்டாம் என்றாள்.

“அவங்களே தூக்கட்டும். ஆனா வெறும் பெட்டி லேசா இருக்கும். அந்தச் சங்கிலி ரெண்டையும் கொண்டுவர முடியுமா?” கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டாள். “படகு எங்க அப்பாவுது. சங்கிலி என்னுது. ஹில்மார் படகுலயே போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

ஹில்மார் மறுப்புச் சொல்லாமல் வந்தார். கயிற்றில் கட்டிய சங்கிலி தண்ணீரை விட்டு மேலே வந்து படகின் தளத்தில் விழுந்தபோது, எஞ்சினைப் பார்ப்பது போல முதுகைக் காட்டி நின்றார்.

சனிக்கிழமை ஊரே தேவாலயத்தில் இருந்தது. பெட்டிக்குள் சுத்தமான துணியில் கிடத்தியிருந்த சங்கிலியைப் பற்றிப் பாதிரியாருக்கும் ஒட்னிக்கும் தூரித்துக்கும் அஸ்லாக்குக்கும் மட்டுமே தெரியும். தூக்குவதற்கு முந்தைய நொடிவரை ஆறு கிழவர்களும் துக்க முகம் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். படகு எது என்று ஹில்மார் மற்ற ஐந்து பேரிடமும் சொல்லவில்லை என்பது அதிலிருந்தே தெரிந்தது.

தோளுக்கு ஏற்றினார்கள். முதல் அடி வைத்ததும் பெட்டி கொஞ்சம் சாய்ந்தது. உள்ளே சங்கிலி சரிந்து, கிலுகிலுவென்று சத்தம் போட்டது.

ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள். ஹில்மார் தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்களின் முகத்தில் அது ஒவ்வொருவராகப் பரவியதை தூரித் பார்த்தாள். முதலில் எங்கேயோ கேட்ட சத்தம் என்ற யோசனை, பிறகு எங்கே என்பது. பலகைகளில் உட்கார்ந்திருந்த வயதானவர்கள் சிலர் எழுந்தே விட்டார்கள். யாரும் இருமவில்லை.

வாசலுக்கு வெளியே கல்லறைத் தோட்டம்வரை மேடு. பாதை முழுக்க உறைபனி. ஒருவர் கால் சறுக்க, பெட்டி ஆடி, சங்கிலி மறுபடி பேசியது. ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாமா என்று முன்னால் இருந்தவர் பின்னால் திரும்பிக் கேட்டார். வியர்வை மூக்கு நுனியில் நின்றது.

ஒட்னி கறுப்புக் கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பெட்டிக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தாள்.

“வைக்க வேண்டாம்,” என்றாள். “மெதுவா நடங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”